ஏழு நாளா, முப்பது நாளா? 1999-2000 நுகர்வுக் கணக்கெடுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆராய்ச்சி முறையியல் வகுப்பில் தரவு வகைகளைப் பாடமாக எல்லோரும் படிக்கிறோம். முதல்நிலை, இரண்டாம்நிலை, எண் சார்ந்தது, பண்பு சார்ந்தது, அப்புறம் நேர்காணல், உற்றுநோக்கல், கேள்வித்தாள் என்று சேகரிக்கும் முறைகள். தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் கேள்வித்தாளில் பதில் எழுதும் ஒரு பத்தியை (நெடுவரிசையை) கூட்டினால் ஒரு நாட்டின் வறுமைக் கணக்கே ஆட்டம் காணும் என்பதற்கு நம் நாட்டிலேயே முழுமையாகப் பதிவான ஒரு நிகழ்வு இருக்கிறது. ஆய்வேட்டுக்காகக் களத்துக்குப் போகிறவர்கள் கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். இதில் முடிவெடுத்த அதிகாரிகள், வீடு வீடாகப் போன கள ஆய்வாளர்கள், பதில் சொன்ன குடும்பங்கள் யாருக்கும் பெயர் தேவையில்லை. நடந்ததும் அதன் விளைவும் போதும்.

பின்னணி

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950இல் தொடங்கியது. பின்னால் நின்றவர் மகலனோபிஸ், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர். நாட்டிலுள்ள எல்லாக் குடும்பத்தையும் கேட்க முடியாது, தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் குடும்பங்களை ஒழுங்காகக் கேட்டால் மொத்தத்தைப் பற்றிச் சொல்ல முடியும் என்பதுதான் அடிப்படை. இன்று சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு இந்த அளவில் உலகில் வேறெங்கும் அதிகம் பேர் துணியாத வேலை அது.

இந்தக் கணக்கெடுப்பில் முக்கியமானது குடும்ப நுகர்வுச் செலவு. 1972-73 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய மாதிரியோடு ஒரு சுற்று நடந்து வந்தது, நடுவில் சிறிய மாதிரியோடு சில சுற்றுகள். இதற்கான கேள்வித்தாளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அளவு ஒரு கட்டம், மதிப்பு ஒரு கட்டம். அரிசிக்கே ஒரு வரி போதாது. ரேஷன் கடை அரிசி ஒரு வரி, மற்ற வழியில் வந்த அரிசி இன்னொரு வரி. சொந்த வயலில் விளைந்ததைச் சாப்பிட்டிருந்தால் அதற்குக் களத்துமேட்டு விலையில் மதிப்புப் போட வேண்டும். உறவினர் கொடுத்தனுப்பியது, கூலிக்குப் பதிலாக வந்த தானியம் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பருப்பு, எண்ணெய், மீன், காய்கறி, வெற்றிலை, பீடி, விறகு, மண்ணெண்ணெய், பஸ் கட்டணம், செருப்பு, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு வரை போகும். ஒரு குடும்பத்தை முழுதாகக் கேட்டு முடிக்கச் சுலபமாக இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் பதில் சொல்கிறவருக்கு அடுப்பில் உலை இருக்கும், குழந்தை அழும், வெளியே வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

ஒரு குடும்பம் எவ்வளவு அரிசி சாப்பிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள மூன்று வழிதான் இருக்கிறது. தினமும் போய்த் தராசு வைத்து நிறுக்கலாம். அந்தக் குடும்பத்தையே ஒரு குறிப்பேட்டில் தினமும் எழுதச் சொல்லலாம். இல்லையென்றால் ஒருமுறை போய், கடந்த இத்தனை நாளில் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்கலாம். நிறுப்பது உண்மைக்கு மிகப் பக்கமானது, ஆனால் செலவு தாங்காது, அந்நியர் ஒருவர் தினமும் சமையலறைக்கு வந்து நின்றால் சமையலே மாறவும் கூடும். குறிப்பேடு எழுதப் படிக்கத் தெரிந்த, பொழுதும் பொறுமையும் உள்ள வீடுகளில்தான் நடக்கும், 1950களின் இந்தியக் கிராமத்தில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. மிஞ்சியது கேட்பதுதான். கேட்டு வாங்கும் தரவு நினைவிலிருந்து வருவது. எனவே எத்தனை நாளுக்குக் கேட்பது என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது.

இதை மகலனோபிஸ் குழு ஊகத்துக்கு விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் மேற்கு வங்கக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில வீடுகளில் கடந்த வாரக் கணக்கு, சில வீடுகளில் கடந்த மாதக் கணக்கு, இரண்டையும் ஒப்பிடுவதற்கு நிறுத்துப் பார்த்த கணக்கு. தானியம் போன்ற பொருள்களில் வாரக் கணக்கு நிஜத்தைவிட அதிகமாக வந்தது, மாதக் கணக்கு நிறுத்ததோடு நன்றாக ஒத்துப்போனது. ஒரு வாரத்துக்குக் கேட்டால், அதற்கு முந்தைய நாளில் நடந்ததையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கம் மனதுக்கு உண்டு, நீண்ட காலத்துக்குக் கேட்டால் மறதி குறைத்துவிடும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் எங்கோ ஓர் இடத்தில் சரிக்குச் சரி ஆகும், அது முப்பது நாளில் ஆகிறது என்று முடிவு செய்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்தியாவில் முப்பது நாள்தான் அளவுகோல். வறுமைக் கோடும் இந்தத் தரவின் மேல்தான் எழுந்தது. 1973-74 விலையில் கிராமத்துக்கு ஒரு நபருக்கு மாதம் 49 ரூபாய் 9 காசு, நகரத்துக்கு 56 ரூபாய் 64 காசு என்று வைத்து, அதன்பின் விலைவாசிக்கு ஏற்ப மட்டும் உயர்த்திக்கொண்டு வந்தார்கள். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் இடிக்கப் போகிறது.

சந்தேகமும் சோதனையும்

1990களில் ஒரு சங்கடம் பெரிதாக வளர்ந்தது. நாட்டு மக்களின் மொத்த நுகர்வைச் சொல்ல அரசிடம் இன்னொரு வழியும் இருந்தது, அதாவது தேசியக் கணக்கு. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி என்று பல நிர்வாகப் பதிவுகளிலிருந்து கழித்துக் கூட்டி எடுப்பது. கணக்கெடுப்பு சொல்லும் நுகர்வு இதைவிட எப்போதும் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போனது. பொருளாதாரச் சீர்திருத்தம் வந்த காலம் வேறு. வளர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறது, வறுமை மட்டும் ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி சூடாக இருந்தது. கணக்கெடுப்புதான் நுகர்வைக் குறைத்துக் காட்டுகிறது, முப்பது நாள் என்பது மிக நீளம், பல நாடுகளில் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம்தான் கேட்கிறார்கள் என்று ஒரு தரப்பு சொல்லத் தொடங்கியது.

இந்த இடத்தில் கணக்கெடுப்பு அமைப்பு செய்தது மிகச் சரியான காரியம், அதை மனம் திறந்து பாராட்ட வேண்டும். 1994 முதல் 1998 வரை நடந்த 51, 52, 53, 54ஆம் சுற்றுகளில் இரண்டு வகைக் கேள்வித்தாளைப் பயன்படுத்தினார்கள். முதல் வகை பழையபடி முப்பது நாள். இரண்டாம் வகையில் உணவு, வெற்றிலை, புகையிலை போன்றவற்றுக்கு ஏழு நாள், எரிபொருள் போன்ற சிலவற்றுக்கு முப்பது நாள், துணி, செருப்பு, கல்வி, மருத்துவமனைச் செலவு, நீடித்து உழைக்கும் பொருள்கள் ஆகியவற்றுக்கு 365 நாள். எந்த வீட்டுக்கு எந்த வகை என்பதைத் தற்செயலாகப் பிரித்தார்கள். ஒரு வீட்டில் ஒரே வகைதான். அதனால் இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம் கேட்ட முறையால் மட்டுமே வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். மருந்துச் சோதனையில் செய்கிற அதே பிரிப்பு.

வந்த முடிவு அதிரவைத்தது. ஏழு நாள் கேள்வித்தாளில் உணவு நுகர்வு கணிசமாக உயர்ந்தது. அதே நாடு, அதே ஆண்டு, அதே வறுமைக் கோடு, ஆனால் இரண்டாம் வகையில் ஏழைகளின் விகிதம் ஏறத்தாழ பாதியானது. முதல் வகையிலோ வறுமை குறையவே இல்லை. ஒரே நாளில் அச்சான இரண்டு தாள், கோடிக்கணக்கான மனிதர்கள் ஒன்றில் ஏழை, இன்னொன்றில் ஏழை இல்லை.

இத்தனை பெரிய மாற்றம் எப்படி என்று கேட்கலாம். இந்தியாவில் மக்களின் செலவு அளவு வறுமைக் கோட்டுக்கு ஒட்டிய இடத்தில்தான் நெருக்கமாகக் குவிந்திருந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே பெருங்கூட்டம் நிற்கும்போது எல்லோருடைய செலவையும் பத்துப் பதினைந்து சதவீதம் தூக்கினாலே அந்தக் கூட்டம் மொத்தமாகக் கோட்டைத் தாண்டிவிடும். 365 நாள் கேள்விக்கும் இதில் பங்கு உண்டு. முப்பது நாளில் புதுத் துணி வாங்காத ஏழைக் குடும்பம்தான் அதிகம், அவர்களின் கட்டத்தில் சுழியம் விழும். ஆண்டு முழுவதற்கும் கேட்டால் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எடுத்த துணி கணக்கில் வந்துவிடும். இதனால் மொத்த சராசரி இறங்கினாலும் கீழ்த்தட்டின் செலவு ஏறும்.

எடுத்த முடிவு

அடுத்து வரவிருந்தது 55ஆம் சுற்று, 1999 ஜூலை முதல் 2000 ஜூன் வரை, சுமார் 1.2 லட்சம் குடும்பங்கள். 1993-94க்குப் பிறகு வரும் முதல் பெரிய சுற்று. சீர்திருத்தத்துக்குப் பின் வறுமைக்கு என்ன ஆனது என்று நாடே இதை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

முப்பது நாளை விடக்கூடாது என்ற தரப்புக்கு வலுவான நியாயம் இருந்தது. முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட வேண்டும், வறுமைக் கோடே அந்த முறையில் எடுத்த தரவில் பிறந்தது. ஏழு நாளுக்கு மாற வேண்டும் என்றவர்களுக்கும் நியாயம் இருந்தது. காய்கறி, முட்டை, மீன், டீக்கடைச் செலவு போன்றவற்றை ஒரு மாதத்துக்கு யாரால் சரியாக நினைவுகூர முடியும்? மாதிரியை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்திருந்தால் இரண்டு தரப்பும் நிறைவடைந்திருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று இரட்டிப்பு வேறுபடும் இரண்டு வறுமை எண்களை அரசு ஒரே நாளில் வெளியிட வேண்டி வந்திருக்கும். அதற்கு அங்கே யாரும் தயாராக இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம்.

கடைசியில் ஒரு சமரசம் ஆனது. உணவு, வெற்றிலை, புகையிலை, மது வகைகளுக்கு ஒரே குடும்பத்திடம் ஏழு நாள், முப்பது நாள் இரண்டையும் கேட்பது. தாளில் இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகள். துணி, கல்வி போன்றவற்றுக்கு 365 நாள் மட்டும். எரிபொருள், சில்லறைப் பொருள்கள், மருத்துவமனையில் சேராமல் செய்த சிகிச்சைச் செலவு ஆகியவை பழையபடி முப்பது நாள். அதிகாரபூர்வ வறுமைக் கணக்குக்கு உணவில் முப்பது நாள் பத்தியையே எடுத்துக்கொள்வது, அதனால் பழையதோடு ஒப்பிடலாம் என்பது எண்ணம். மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. பழைய கேள்வி அப்படியே இருக்கிறது, பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம், பழையது ஏன் கெடப் போகிறது?

வாசலில் நடந்தது

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம், எண்கள் என் உதாரணம். கடந்த முப்பது நாளில் எவ்வளவு அரிசி ஆச்சும்மா என்று கேட்கிறார் கள ஆய்வாளர். முப்பது நாள் மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பெண் ரேஷனில் இவ்வளவு, கடையில் இவ்வளவு என்று கூட்டி, பதினான்கு கிலோ இருக்கும் என்று சொல்லியிருப்பார். ஏழு நாள் மட்டும் கேட்டிருந்தால் நான்கு கிலோ என்றிருப்பார். தனித்தனி வீடுகளில் இந்த இரண்டு பதிலும் தங்கள் பாட்டுக்கு நிற்கும். நான்கை மாதத்துக்கு மாற்றினால் சுமார் பதினேழு, பதினான்கோடு சேராது, சேரவும் வேண்டியதில்லை.

இப்போது இரண்டையும் ஒரே பெண்ணிடம், ஒரே மூச்சில் கேளுங்கள். பதினான்கு என்று சொன்னவுடன் வாரத்துக்கு என்று கேட்டால், அவர் பதினான்கை நான்கால் வகுத்து மூன்றரை என்பார். வாரத்துக்கு நான்கு என்று முதலில் சொல்லியிருந்தால் மாதத்துக்குப் பதினாறு பதினேழு என்று பெருக்குவார். நினைவைத் தோண்டுவதற்குப் பதில் கணக்குப் போடுவார். அவர் போடாவிட்டால் கள ஆய்வாளர் போடுவார், அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. இரண்டு பத்திகள் பொருந்தாமல் நின்றால் மேற்பார்வையாளர் தாளைத் திருப்பி அனுப்புவார் என்ற பயம் எந்தக் கள ஆய்வாளருக்கும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டங்களை ஒத்துப்போக வைக்கத்தான் கை போகும். நாள் முழுக்க வெயிலில் நடந்து, ஒரு வீட்டில் முந்நூறு பொருள்களைக் கேட்கும் மனிதரிடம் இதைத் தவிர வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

வாசலில் யாரும் படம் பிடித்து வைக்கவில்லை, எண்கள்தான் சாட்சி. முந்தைய சோதனைச் சுற்றுகளில் ஏழு நாள் கணக்கும் முப்பது நாள் கணக்கும் வெகு தூரம் விலகி நின்றன. 55ஆம் சுற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டி வந்தன. மனித நினைவு ஓராண்டில் மாறிவிடாது. ஒரு பத்தி இன்னொரு பத்தியை இழுத்திருக்கிறது. முப்பது நாள் பதில் மேலே போயிருக்கிறது, அல்லது ஏழு நாள் பதில் கீழே வந்திருக்கிறது, அல்லது இரண்டும் நடந்திருக்கின்றன. எது எவ்வளவு என்பதை இந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க வழியே இல்லை. முன்பு தற்செயல் பிரிப்பால் கிடைத்த தெளிவு மொத்தமும் இந்த ஒரு வடிவமைப்பில் போய்விட்டது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான், ஏனென்றால் இரண்டு கேள்வியும் எவ்வளவு வேறுபட்ட விடை தரும் என்பது இதற்குச் சற்று முன்தான் அதே அமைப்பின் கையாலேயே நிரூபணமாகி இருந்தது.

வெளிவந்த எண்

2001இல் திட்டக் குழு கணக்கை வெளியிட்டது. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 1999-2000இல் 26.1 சதவீதம். கிராமத்தில் 27.1, நகரத்தில் 23.6. ஏழைகளின் எண்ணிக்கை 32 கோடியிலிருந்து 26 கோடி. வறுமைக் கோடு கிராமத்துக்கு மாதம் 327 ரூபாய் 56 காசு, நகரத்துக்கு 454 ரூபாய் 11 காசு, அதாவது பழைய கோட்டை விலைவாசியால் உயர்த்தியது. கோடு பழைய கேள்வியின் குழந்தை, அளந்தது புதுக் கேள்வியால். முந்தைய எண்களோடு இதைக் கண்டிப்பாக ஒப்பிட முடியாமல் போகலாம் என்று வெளியீட்டிலேயே ஒரு குறிப்பும் இருந்தது. அந்தக் குறிப்பை யார் படித்தார்கள்? ஆறு ஆண்டில் பத்துச் சதவீதப் புள்ளி குறைந்தது என்ற செய்திதான் மேடையிலும் தலைப்பிலும் ஓடியது.

இது புள்ளியியலாளர்களின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்க முடியாது. 1997இல் ரேஷன் முறையை ஏழைகளுக்கும் மற்றவர்களுக்கும் என்று பிரித்தபோது, மாநிலங்களுக்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் எத்தனை குடும்பம் என்ற ஒதுக்கீட்டை 1993-94 வறுமை மதிப்பீட்டை வைத்துத்தான் செய்தார்கள். அந்தப் பிரிப்பைத் தமிழ்நாடு ஏற்காமல் எல்லோருக்கும் ரேஷன் என்றே வைத்துக்கொண்டது, அதனால் அதன் வெட்டு நமக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. மற்ற பல மாநிலங்களில் அன்றைக்கு அந்த எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் அட்டை, அட்டையைப் பொறுத்துத்தான் அரிசி.

திருத்தப் பார்த்தவர்கள்

அதன்பின் சில ஆண்டுகள் நடந்த விவாதம், கெட்டுப்போன தரவிலிருந்து எவ்வளவு மீட்கலாம் என்பதற்கு நல்ல பாடம். தரவு கையில் வந்தபின் அழுது பயனில்லை, அதில் எந்தப் பகுதி கெடாமல் இருக்கிறது என்று தேட வேண்டும்.

ஆங்கஸ் டீட்டன், பின்னாளில் 2015இல் பொருளாதார நோபல் பெற்றவர், ஒரு வழி கண்டார். எரிபொருள், சில்லறைச் செலவுகள் போன்ற சிலவற்றுக்கு 1993-94இலும் 1999-2000இலும் ஒரே மாதிரி முப்பது நாள்தான் கேட்டிருந்தார்கள். அவை மொத்தச் செலவில் சிறு பங்குதான், ஆனால் குடும்பத்தின் மொத்தச் செலவோடு நெருக்கமாகச் சேர்ந்து ஏறி இறங்குபவை. மண்ணெண்ணெய்க்கும் சில்லறைக்கும் இவ்வளவு செலவழிக்கும் குடும்பம் 1993-94இல் எவ்வளவு வாய்ப்போடு ஏழையாக இருந்தது என்று பார்த்து, அதை 1999-2000க்குப் பொருத்தினார். கிராமத்தில் 30.2, நகரத்தில் 24.7 சதவீதம் என்று வந்தது. வறுமை குறைந்தது உண்மை, அரசு சொன்ன அளவுக்கு இல்லை. ஆனால் இதற்கும் ஒரு அனுமானம் தேவைப்படுகிறது, அந்தச் செலவுகளுக்கும் வறுமைக்கும் உள்ள உறவு இடையில் மாறவில்லை என்று.

வேறு இருவர் இன்னொரு சாட்சியைத் தேடினார்கள். அதே 55ஆம் சுற்றில் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு தனியாக, வேறு குடும்பங்களிடம் நடந்தது. அதில் சுருக்கமான நுகர்வுப் பட்டியல் ஒன்று இருந்தது, உணவுக்கு முப்பது நாள் மட்டும், பக்கத்தில் ஏழு நாள் பத்தி கிடையாது. அதோடு ஒப்பிட்டு, முப்பது நாள் பதில் அவ்வளவாகக் கெடவில்லை என்றார்கள். பட்டியல் சுருக்கமாக இருந்தாலே பதில் குறையும், எனவே அந்த ஒப்பீடு சரியில்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள், குறைவு அரசு சொன்னதைவிட மிகச் சிறியது என்றும் வாதிட்டார்கள். 365 நாள் பொருள்களில் மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. 1993-94இலேயே அவற்றுக்கு 30, 365 இரண்டும் கேட்டிருந்ததால், பழைய ஆண்டைப் புது முறையில் மறுபடி கணக்கிட முடிந்தது. உணவுக்கு அந்த வசதி இல்லை.

கற்றறிந்தவர்கள், நேர்மையானவர்கள், ஒரே தரவை வைத்து வேறுவேறு இடத்தில் போய் நின்றார்கள். 1990களில் இந்திய வறுமைக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கு நேரடியான விடை அந்தச் சுற்றிலிருந்து கிடைக்கவே இல்லை.

பின்னால் மாறியவை

கணக்கெடுப்பு அமைப்பு மறுபடி தராசைக் கையில் எடுத்தது, அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடத்தி, ஏழு நாள், முப்பது நாள் பதில்களைத் தினசரி அளந்த கணக்கோடு ஒப்பிட்டார்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே காலம் பொருந்தாது என்பது தெரிந்தது.

2004-05இல் உணவுக்கு முப்பது நாளுக்கே திரும்பினார்கள். 2009-10, 2011-12 சுற்றுகளில் இரண்டு வகைத் தாள் வந்தது, இந்த முறை தனித்தனிக் குடும்பங்களுக்கு. அதில் ஒரு வகையில் எண்ணெய், முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, பழம், மசாலா, பானங்கள், வெளியில் வாங்கும் பலகாரம் ஆகியவற்றுக்கு ஏழு நாள். அரிசி, பருப்பு, பால், சர்க்கரை போன்றவற்றுக்கு முப்பது நாள். துணி, கல்வி முதலியவற்றுக்கு 365 நாள். மாதச் சாமான் பட்டியல் போட்டுப் பலசரக்கு வாங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரிப்பு உடனே புரியும். பருப்பையும் சர்க்கரையையும் மாதக் கணக்கில் சொல்லிவிடலாம், கத்தரிக்காயைச் சொல்ல முடியாது. இரண்டு வகையும் ஒரே ஆண்டில் தனித்தனி வீடுகளில் ஓடியதால், பழைய முறையில் 2011-12 எங்கே நிற்கிறது, புது முறையில் எங்கே நிற்கிறது என்று இரண்டையும் சொல்ல முடிகிறது. 1999இல் செய்திருக்க வேண்டியது இதுதான்.

நாமாக இருந்தால்

ஆய்வு மாணவர்களோடு உட்காரும்போது இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துச் சொல்வது சில. முறையை மாற்றத் தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் பழைய முறையும் புது முறையும் ஒரே காலத்தில் வேறுவேறு ஆட்களிடம் ஓட வேண்டும், யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலாக அமைய வேண்டும். ஒரே ஆளிடம் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டால் இரண்டாவது பதில் முதல் பதிலின் நகலாகிவிடும். இருநூறு பேரிடம் கேட்கும் சின்ன ஆய்விலும் இது அப்படியேதான். மாணவர்களின் கைபேசிப் பயன்பாட்டை நேற்றைக்கு எத்தனை மணி நேரம், வழக்கமாக ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று அடுத்தடுத்த வரியில் கேட்கும் எத்தனையோ கேள்வித்தாளைப் பார்க்கிறேன். பிறகு இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன, எனவே தரவு நம்பகமானது என்று ஆய்வேட்டில் எழுதுகிறார்கள். அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாமா?

அடுத்து, மாதிரியில் ஒரு சிறு பகுதியையாவது கேட்காமல் அளந்து பாருங்கள். அந்தக் கைபேசியிலேயே பதிவாகும் திரை நேரத்தை, அனுமதி வாங்கிக்கொண்டு, இருபது பேரிடமாவது பார்த்துக் குறித்துக்கொண்டால் மற்றவர்கள் சொன்னது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். நாம் கேட்டுப் பெற்றது, அளந்து பெற்றது, வேறு யாரோ வேறு காரணத்துக்காகப் பதிந்து வைத்தது என்ற மூன்றையும் தரவு வகைகள் என்ற தலைப்பில் மனப்பாடம் செய்கிறோமே தவிர, ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

களத்துக்குப் போகிறவரிடம் பேசுங்கள். பத்திகள் பொருந்தவில்லை என்றால் திருத்தத் தேவையில்லை, வந்தபடி எழுது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேள்வித்தாளின் எந்தப் பதிப்பு எந்தத் தேதியில் எங்கே போனது, எந்தக் கேள்வியின் சொல் மாறியது என்ற குறிப்பைத் தரவோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். டீட்டனால் ஒரு வழி கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணமே, எந்தப் பொருளுக்கு எந்த ஆண்டு எத்தனை நாள் கேட்டார்கள் என்பது வரி வரியாகப் பதிவாகி இருந்ததுதான்.

இந்தப் பிரச்சினை பழங்கதையாகிவிடவில்லை. 2017-18 நுகர்வுச் சுற்றின் முடிவை, தரவின் தரத்தில் குறை இருப்பதாகச் சொல்லி வெளியிடுவதில்லை என்று அரசு 2019 நவம்பரில் அறிவித்தது. அதன்பின் 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த கணக்கெடுப்பில் நினைவுக் காலம், அதாவது எத்தனை நாளுக்குக் கேட்பது என்பது, 2011-12இன் புது வகையையே பின்பற்றியது. ஆனால் தாளுக்குப் பதில் கைக்கணினி வந்தது. ஒரே நீண்ட கேள்வித்தாள் மூன்றாகப் பிரிந்தது. ஒரே முறை போவதற்குப் பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று மாதத்தில் மூன்று முறை போனார்கள். களைப்பு குறையும், பதில் மேம்படும் என்பதற்காகச் செய்த நல்ல மாற்றங்கள்தான் இவை. ஆனால் களைப்புக் குறைந்தாலே பதிவாகும் நுகர்வு கூடும். அப்படிக் கூடியது எவ்வளவு, மக்களின் வாழ்வு உயர்ந்ததால் கூடியது எவ்வளவு என்று பிரிக்க, பழைய முறையில் ஒரே தடவை போய்க் கேட்ட ஒரு தனி மாதிரி அந்த ஆண்டில் இணையாக ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. 2011-12ஐயும் 2022-23ஐயும் பக்கத்தில் வைத்து வறுமை இத்தனை சதவீதம் குறைந்தது என்று யார் சொன்னாலும், அந்த எண்ணில் எவ்வளவு கேட்ட விதத்தால் வந்தது என்று நான் முதலில் கேட்பேன்.